காது வலிக்கும் ராத்திரி: எண்ணெய்க் கரண்டியை எடுப்பதற்கு முன்

காது வலி பெரும்பாலும் ராத்திரியில்தான் வருகிறது. பகலெல்லாம் மூக்கை ஒழுக்கிக்கொண்டு ஓடி விளையாடிய பிள்ளை, படுத்துக் கொஞ்ச நேரத்தில் காதைப் பிடித்துக்கொண்டு வீறிடும். என் சின்னவனுக்கு மூன்று வயதில் முதல் தடவை அப்படி வந்தது. ஜூலை மாத மழை, மணி இரண்டு. தாராவி 90 ஃபீட் ரோட்டுப் பக்கம் அப்போது எங்கள் வீடு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கரண்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு அடுப்பில் காட்டினார்கள். "ஏட்டி, பிள்ளைய மடியில சாய்ச்சுப் பிடி. ரெண்டு சொட்டு விட்டா கேட்டுரும்லா."

நான் பிடித்தேன், அம்மா விட்டார்கள். அழுகை நிற்கவில்லை. காலையில் டாக்டர் காதுக்குள் பார்த்தால் எண்ணெய் மினுக்கில் செவிப்பறையே தெரியவில்லை. முதலில் காதைத் துடைக்க வேண்டியதாயிற்று. வலிக்கிற காதைத் துடைத்தால் மூன்று வயதுப் பிள்ளை என்ன பாடு படும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாய் என்ன பாடு படுவாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சளிக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு வருகிற காது வலிக்கு, துளை வழியாக என்ன எண்ணெய் விட்டாலும் அது சீழ் கட்டியிருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது, நடுவில் ஒரு கதவு சாத்தியிருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரு வீட்டுக்காரரையும் காது டாக்டர் வாசலில் உட்காரவைத்து, கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

வலி எங்கே பிறக்கிறது

காதை மூன்று அறை உள்ள வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். வாசலிலிருந்து உள்ளே போகும் நடைதான் வெளிக்காது. பெரியவர்களுக்கு அது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நடை முடிகிற இடத்தில் செவிப்பறை, மெல்லிய தோல். அதில் ஓட்டை இல்லாதவரை தண்ணீரோ எண்ணெயோ தாண்டி உள்ளே போகாது. அதற்கு அப்பால் நடுக்காது: காற்று நிறைந்த சின்ன அறை, சத்தத்தைக் கடத்தும் மூன்று குட்டி எலும்புகள் அங்கே இருக்கின்றன. கடைசி அறை உட்காது. கேட்பதும், தள்ளாடாமல் நடப்பதும் அதன் பொறுப்பு.

நடுக்காதுக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள், மூக்கின் பின்பக்கத்தில் போய்த் திறக்கும். மும்பைத் தமிழர்களுக்கு இந்தக் குழாய் பழக்கமானதுதான். ஊருக்குப் போகும் நாகர்கோவில் வண்டி கர்ஜத் தாண்டி லோனாவளா மலை ஏறும்போது சிலருக்குக் காது அடைக்கும். எச்சிலை விழுங்கியதும் 'டப்' என்று விடும். அந்த 'டப்' இந்தக் குழாய் திறக்கிற சத்தம்.

சளி பிடித்தால் குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிறது. நடுக்காதில் நீர் கோத்து, மூக்கிலிருந்து ஏறிய கிருமி அதில் பெருகி, சீழாகி, செவிப்பறையை வெளிப்பக்கம் தள்ளுகிறது. தோல் இழுபட இழுபட வலி. படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் சேர்ந்து வீக்கம் கூடுகிறது, தூக்கத்தில் விழுங்குவதும் குறைகிறது. ராத்திரி வலியின் ரகசியம் அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும் அதிகம் சரிவில்லாமல் படுத்த மாதிரியும் இருக்கும். அதனால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை இந்தத் தொந்தரவு மிக அதிகம்.

முதல் வேலை: எந்த அறை என்று கண்டுபிடிப்பது

காதுத் துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி, முக்கோணமாக ஒரு சின்னக் குருத்து நீட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் மெல்ல அழுத்துங்கள். மடலை லேசாக இழுத்துப் பாருங்கள். அப்போது 'ஐயோ' என்று வலித்தால் பெரும்பாலும் வெளிக்காதுத் தொற்று. குளித்த தண்ணீர் தங்கியதாலோ, பட்ஸ் போட்டுக் குடைந்ததாலோ, நீச்சல் குளத்தாலோ வந்திருக்கும். அழுத்தினாலும் இழுத்தாலும் ஒன்றுமில்லை, வலி உள்ளே ஆழத்தில் விண்விண் என்று தெறிக்கிறது, நாலைந்து நாளாகச் சளி, காய்ச்சலும் இருக்கிறது என்றால் நடுக்காது.

வலியைவிட அரிப்புதான் அதிகம், காது அடைத்த மாதிரி, ஈரமாக இருக்கிறது என்றால் பூஞ்சையாக இருக்கலாம். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இது சகஜம். இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பேசத் தெரியாத குழந்தை என்றால் அழுகையின் நேரத்தைப் பாருங்கள். பால் குடிக்க ஆசையாக வாய் வைத்து, இரண்டு மடக்கு உறிஞ்சியதும் விட்டுவிட்டு அழுகிறதா, தோளில் நிமிர்த்தி வைத்தால் அடங்கி படுக்கப்போட்டால் வீறிடுகிறதா? காதாக இருக்கலாம். வெறுமனே காதை இழுப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தூக்கம் வந்தாலும் குழந்தை காதை இழுக்கும், பல் முளைத்தாலும் இழுக்கும்.

பெரியவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. காது வலிக்கும், ஆனால் காதில் ஒன்றும் இருக்காது. கடைவாய்ப் பல் சொத்தை, தாடை மூட்டு, தொண்டைப் புண் ஆகியவற்றின் வலி அதே நரம்புகள் வழியாகக் காதில் தெரியும். குட்கா, புகையிலை, பீடிப் பழக்கம் உள்ள ஒருவருக்கு ஒரு பக்கக் காது மட்டும் இரண்டு மூன்று வாரமாக வலிக்கிறது, காதைப் பார்த்த டாக்டர் சுத்தமாக இருக்கிறது என்கிறார் என்றால், வாயையும் தொண்டையையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே உள்ள புற்றுநோய் முதலில் காது வலியாகத் தலைகாட்டுவது உண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் புகையிலை மெல்லாத ஆள் குறைவு என்பதால் சொல்கிறேன்.

வலி மருந்து: கணக்குப் பார்த்துக் கொடுங்கள்

நடுக்காதோ வெளிக்காதோ, அந்த ராத்திரியைக் கடக்க வைப்பது பாராசிட்டமால்தான். பெரும்பாலான வீட்டில் இருக்கும். ஆனால் பெரும்பாலான வீட்டில் அளவு தப்பு. ஒன்று, பயந்துபோய்க் குறைவாகக் கொடுப்பார்கள், வலி போகாது. இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் திரும்பக் கொடுப்பார்கள், அது ஆபத்து.

பிள்ளைகளுக்குக் கணக்கு வயதில் இல்லை, எடையில் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் விடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம்.

அடுத்து வருவதுதான் எல்லோரும் வழுக்குகிற இடம். நம் நாட்டில் பாராசிட்டமால் சிரப் ஒரே அடர்த்தியில் வருவதில்லை. ஒரு புட்டியில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும், பக்கத்துப் புட்டியில் அதே 5 மில்லியில் 250 இருக்கும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே ஒரு மில்லியில் 100 இருக்கும். என் மகன் அப்போது 12 கிலோ. அவனுக்கு வேண்டியது 120 முதல் 180 மில்லிகிராம். 120 சிரப்பில் அது 5 முதல் 7.5 மில்லி. 250 சிரப்பில் 2.4 முதல் 3.6 மில்லிதான். சொட்டு மருந்துப் புட்டி என்றால் 1.2 முதல் 1.8 மில்லி போதும். "போன தடவை ஒரு மூடி கொடுத்தேன், இந்தத் தடவையும் ஒரு மூடி" என்று புட்டி மாறியது தெரியாமல் கொடுத்தால் அளவு இரண்டு மடங்காகிவிடும். லேபிளைப் படித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். டீஸ்பூன் வேண்டவே வேண்டாம். கொடுத்த நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ராத்திரி நீங்கள் கொடுத்ததை அறியாமல் விடியற்காலையில் ஆச்சி இன்னொரு வேளை கொடுத்துவிடுவதெல்லாம் நடக்கிற கதை.

இன்னொன்று, சளி சிரப்புகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். அதையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு கெட்டுப்போகும். கல்லீரல்தான் அதற்கு விலை கொடுக்கும்.

ஐபுப்ரோஃபென் இந்த வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, வயிற்றில் ஏதாவது போட்ட பிறகு, கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஆனால் மழைக்காலத்தில், டெங்கு இருக்குமோ என்று சந்தேகம் இருக்கிற காய்ச்சலில் இதைத் தொடாதீர்கள், ரத்தக் கசிவைக் கூட்டும். பிள்ளை தண்ணீர் இறங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாலும், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது. நிமசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011இலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. வீட்டு மருந்து டப்பாவில் பெரியவர்களுக்கு வாங்கியது கிடந்தால் உடைத்துக் கால் மாத்திரை கொடுக்கும் வேலை கூடாது.

பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. 'டோலோ' என்று கேட்டு வாங்கும் 650 மாத்திரை பாராசிட்டமால்தான். அதோடு இன்னொரு காய்ச்சல் மாத்திரை போடும் முன் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மருந்து கொடுத்து வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரம்தான் கஷ்டமானது. தோசைக்கல்லில் துணியைச் சூடுகாட்டி, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்து, இதமாக இருந்தால் காதைச் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அம்மாவின் கை இதில் தேர்ந்த கை, அந்த ராத்திரியில் உண்மையிலேயே உதவியது எண்ணெயை விட்ட பிறகு அவர்கள் கொடுத்த ஒத்தடம்தான் என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளையைத் தட்டையாகப் படுக்கவைக்காமல் தோளிலோ மடியிலோ சாய்த்து வைத்திருங்கள். பெரியவர்கள் இரண்டு தலையணை வைத்து, வலிக்காத பக்கம் படுக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, பால், எதையாவது விழுங்கிக்கொண்டே இருந்தால் பின்வாசல் குழாய் திறக்க ஒரு வாய்ப்பு. மூக்கைப் பலமாகச் சிந்தச் சொல்லாதீர்கள்.

காதுக்குள் என்ன போகக்கூடாது

பூண்டெண்ணெய், தாய்ப்பால், வெங்காயச் சாறு, கற்பூரம் கரைத்த எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு. இந்தப் பட்டியலில் உங்கள் வீட்டு வைத்தியம் ஒன்றாவது இருக்கும், எங்கள் வீட்டில் மூன்று இருந்தன. செவிப்பறை முழுதாக இருந்தால் இவை நடையிலேயே தங்கி ஈரத்தைக் கூட்டும். செவிப்பறை கிழிந்திருந்தால் இன்னும் மோசம், நேராக நடுக்காதுக்குள் போகும். வெளியிலிருந்து பார்த்து எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சூடு தப்பிய எண்ணெய் சுட்டுவிடுவதும் உண்டு. கற்பூரம் குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் வலிப்பே வரும். நெற்றியிலும் கன்னத்திலும் சுக்குப் பற்றுப் போடுவதில் எனக்குச் சண்டை இல்லை. அது தோலோடு நிற்கிறது, அம்மாவுக்கும் திருப்தி.

கொண்டை ஊசி, தீக்குச்சி, பட்ஸ், சாவி எதுவும் வேண்டாம். ரயில் நிலையம், சௌபாத்தி பக்கமெல்லாம் சிவப்புத் தலைப்பாகையோடு நிற்கும் காது சுத்தம் செய்கிறவர்கள் கையில் வலிக்கிற காதைக் கொடுப்பது அதைவிட மோசம். அந்தக் கம்பி அன்றைக்கு எத்தனை காதுக்குள் போய்வந்ததோ.

எண்ணெய்க்கு ஒரே ஒரு இடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மா கோபித்துக்கொள்வார்கள். காதுக்குள் உயிரோடு பூச்சி புகுந்து துடிக்கிறது, அதற்கு முன் காதில் சீழோ ஓட்டையோ இருந்ததில்லை என்றால், சில சொட்டு வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய் விட்டால் பூச்சி செத்து அடங்கும். பிறகு டாக்டர் எடுத்துவிடுவார். கரப்பான் பூச்சி காதுக்குள் போவது தாராவியில் அதிசயம் இல்லை. அதே நேரத்தில் பிள்ளை பொம்மைக்குள் இருக்கும் வட்ட பட்டன் பேட்டரியைக் காதில் போட்டுக்கொண்டால் ஒரு சொட்டு எதுவும் விடாமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணி நேரத்துக்குள் அது உள்ளே தோலை அரித்துவிடும்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் காது வலியோ இல்லையோ உடனே கிளம்புங்கள். காதின் பின்பக்க எலும்பு மேல் வீங்கிச் சிவந்து, மடல் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால் தொற்று எலும்புக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். முகம் ஒரு பக்கம் கோணினாலும், கழுத்து விறைத்தாலும், பிள்ளை எழுப்ப முடியாமல் சோர்ந்து கிடந்தாலும், தலை சுற்றி நிற்க முடியாமல் வாந்தி வந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். பெரியவர்களுக்குத் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், வலியே இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். நாள் தள்ளினால் திரும்புவது கடினம். காதில் கொப்புளங்களோடு எரிச்சலும் முகக் கோணலும் சேர்ந்தால் அது அக்கி, அதற்கும் அன்றைக்கே.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிக்காதுத் தொற்று அவர்களுக்கு அரிதாக மண்டை எலும்பு வரை பரவும். ராத்திரி தூங்கவிடாத வலி, மெல்லும்போது தாடை வலி, சொட்டு மருந்துக்கு அடங்காத சீழ் என்றால் "வயசானா காது அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

மறுநாள் காட்டினால் போதும் என்பவை: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் காது வலி, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இரண்டு காதிலும் வலி, காதிலிருந்து நீர் அல்லது சீழ், இரண்டு மூன்று நாளாகியும் குறையாத வலி.

தலையணையில் மஞ்சளாகவோ லேசான ரத்தத்தோடோ ஈரம், ஆனால் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. இதைப் பார்த்தால் பதறிப்போவோம். செவிப்பறை லேசாகக் கிழிந்து சீழ் வெளியே வந்துவிட்டது, அதனால்தான் வலி நின்றது. பெரும்பாலும் சில வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். டாக்டரிடம் காட்டுங்கள், தண்ணீர் உள்ளே போகாமல் பாருங்கள், பஞ்சை உள்ளே அடைக்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் வேண்டுமா?

மெடிக்கலில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை. நடுக்காதுத் தொற்றில் ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பத்தில் ஆறு பிள்ளைகளுக்கு 24 மணி நேரத்தில் வலி போய்விடுகிறது. அந்த முதல் நாள் வலியை ஆன்டிபயாடிக் குறைப்பதே இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகுதான் புரிந்தது, முதல் ராத்திரியில் நான் தேட வேண்டியது வலி மருந்து, கிருமி மருந்து இல்லை.

இரண்டு வயதுக்கு மேல், ஒரு காதில் மட்டும், மிதமான வலி, கடும் காய்ச்சல் இல்லை என்றால் டாக்டரே "48 முதல் 72 மணி நேரம் பார்ப்போம்" என்று சொல்லலாம். அவர் ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிட்டார் என்று இன்னொரு கிளினிக்குக்கு ஓட வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்கள், இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று, சீழ் வடிதல், கடும் காய்ச்சல் ஆகியவற்றுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். எழுதிக்கொடுத்தால் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள். முந்தின தடவை மிஞ்சிய புட்டியைத் திறக்காதீர்கள். மூக்கடைப்பு, அலர்ஜி சிரப்புகள் காதில் கோத்த நீரை வற்றவைப்பதில்லை, வெறும் தூக்கம்தான் வரும்.

மழைக்காலப் பூஞ்சையும் என் வீட்டுக்காரர் காதும்

டோம்பிவிலியிலிருந்து வி.டி. (இப்போது சி.எஸ்.எம்.டி.) ஸ்டேஷன் வரை லோக்கல் ரயிலில் தினம் ஒன்றேகால் மணி நேரம், காதில் இயர்போன். தலை நனைந்திருக்கும், வண்டிக்குள் புழுக்கம், காதுக்குள் காற்றே போகாது. நாங்கள் டோம்பிவிலிக்கு மாறிய வருடம் ஆகஸ்டில் அவருக்கு அரிப்பு ஆரம்பித்தது. பட்ஸ் போட்டுக் குடைந்தார், சுகமாக இருந்தது, இன்னும் குடைந்தார். வலி வந்ததும் ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வாங்கினார். பத்து நாளில் காது முழுக்க அடைத்துக்கொண்டது.

பிறகு டாக்டர் கருவியை வைத்து உறிஞ்சி எடுத்தபோது வந்தது ஊறிப்போன செய்தித்தாள் மாதிரி, நடுவில் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சைக் காளான். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பாக்டீரியாவைக் கொன்றுவிட்டுப் பூஞ்சைக்கு இடம் விட்டுக்கொடுத்திருக்கிறது. சுத்தம் செய்து, குளோட்ரிமசோல் சொட்டு மருந்து கொடுத்து, காதை உலர்வாக வைத்ததும் அடங்கியது.

சொட்டு மருந்து என்று ஒரே ஒரு மருந்து கிடையாது. கிருமிக்கு, பூஞ்சைக்கு, வீக்கத்துக்கு, மரத்துப்போவதற்கு, குறும்பியைக் கரைப்பதற்கு என்று ஒவ்வொன்றும் தனி. முதல் நான்கையும் ஒரே புட்டியில் கலந்தும் விற்கிறார்கள். சில கிருமி மருந்துகள் செவிப்பறை கிழிந்த காதில் போனால் உட்காதையே கெடுக்கக்கூடும். வலியை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து நடுக்காது வலிக்கும் கொஞ்சம் உதவும், செவிப்பறையைத் தொட்டு மரக்கவைப்பதால். ஆனால் ஓட்டை இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

வெளிக்காதுத் தொற்றுக்கு மட்டும் சொட்டு மருந்துதான் முதல் மருந்து, அங்கே அது நேராகப் போய்ச் சேரும். விடும் முறை: புட்டியை இரண்டு மூன்று நிமிடம் உள்ளங்கையில் வைத்திருங்கள், குளிர்ந்த சொட்டு தலை சுற்ற வைக்கும். வலிக்கும் காது மேலே இருக்கும்படி படுத்து, பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னுமாகவும், மூன்று வயதுக்குக் கீழே என்றால் கீழும் பின்னுமாகவும் இழுத்து, சொன்ன சொட்டுகளை விடுங்கள். முன்குருத்தை நாலைந்து தடவை மெல்ல அழுத்தினால் உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். புட்டியின் மூக்கு காதில் படக்கூடாது.

குளிக்கும்போது வாசலைன் தடவிய பஞ்சை வாசலில் மட்டும் வையுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் பத்து நாள் தலைக்குக் குளிப்பதைக் குறைத்து, நீச்சலையும் இயர்போனையும் நிறுத்துங்கள்.

எங்கே போவது, என்ன சொல்வது

சாதாரண காது வலியைக் குழந்தை டாக்டரோ குடும்ப டாக்டரோ பார்த்துவிடுவார். சீழ், பூஞ்சை, திரும்பத் திரும்ப வருவது என்றால் இ.என்.டி. டாக்டர். தாராவிக்கும் சயான் கோலிவாடாவுக்கும் பக்கம் சயான் ஆஸ்பத்திரி. கே.இ.எம்., நாயர் ஆஸ்பத்திரிகளிலும் இ.என்.டி. பிரிவு உண்டு. பிள்ளைகளுக்கென்றே பரேலில் வாடியா. ஓ.பி.டி.க்குக் காலையிலேயே போய் வரிசையில் நின்று கேஸ் பேப்பர் போடுங்கள். முந்தைய கேஸ் பேப்பரையும் விட்ட மருந்துப் புட்டியையும் கையோடு கொண்டுபோவது நல்லது. அவசரம் என்றால் 108.

ஊரிலிருந்து வந்த ஆச்சி தனியாகப் பிள்ளையோடு போக நேர்ந்தால் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஹிந்தியில் "பச்சே கே கான் மே தர்த் ஹை", சீழ் வந்தால் "கான் ஸே பானி ஆ ரஹா ஹை", மூன்று நாளாக என்றால் "தீன் தின் ஸே". மராத்தியில் "கான் துக்தோய்". காய்ச்சல் எவ்வளவு, எடை எவ்வளவு, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்பதை எண்ணாகவே எழுதிவிடுங்கள். எண்ணெய் விட்டிருந்தால் அதையும் சொல்லிவிடச் சொல்லுங்கள். "தேல் டாலா" என்றால் போதும், திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

வலி போன பிறகு

பால்புட்டியைப் படுத்தபடியே வாயில் வைத்துத் தூங்கவிடுவதை முதலில் நிறுத்துங்கள். பால் மூக்கின் பின்பக்கம் ஏறும். வீட்டுக்குள் சிகரெட், பீடிப் புகை இந்தத் தொற்றைக் கூட்டும். நுமோகாக்கல் தடுப்பூசி 2021இல் இருந்து நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசம், ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை. காதுத் தொற்றை முழுக்கத் தடுக்காது, ஆனால் காரணமான முக்கியக் கிருமிகளில் ஒன்றைத் தடுக்கிறது. தடுப்பூசி அட்டையை எடுத்து விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வலி போனாலும் நடுக்காதில் கோத்த நீர் வற்ற வாரங்கள் ஆகும், சிலருக்கு மூன்று மாதம் வரை. அதுவரை காது மந்தமாகத்தான் கேட்கும். என் சின்னவன் கூப்பிட்டால் திரும்பவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை என்று இரண்டு தடவை முதுகில் வைத்தும்விட்டேன். மூன்று மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் செவித்திறன் பரிசோதனை செய்ய வேண்டும். வலிக்காது, காதில் ஒரு ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தம் பார்ப்பார்கள், பிறகு ஹெட்போனில் சத்தம் கேட்கவைப்பார்கள். அவனுக்கு அந்தப் பரிசோதனை நாள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், அடுக்களையில் நான் மெதுவாகப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ஹாலிலிருந்து "எனக்கு!" என்று குரல் வந்தது.